எல்லாம் தலையெழுத்தா? – விதி நம்பிக்கையும் போர் தந்த மனவடுவும்



இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து வழமையாக நான் கதைப்பது வருமான வரியைப் பற்றியும், சுப்பர் என்று நாங்கள் சொல்லும் ஓய்வுகால நிதியைப் பற்றியும்தான். இன்று வேறொரு விடயத்தை எடுத்திருக்கின்றேன். நான் வைத்தியனும் அல்ல, உளவளத்துணையாளனும் அல்ல. வணிகவியல் படித்து, கணக்கு எழுதிப் பிழைக்கின்ற ஒருவன். ஆனாலும் கணக்காளனின் மேசைக்கு முன்னால் வந்து இருப்பவர்கள் பற்றுச்சீட்டுகளை மட்டும் கொண்டு வருவதில்லை. தங்கள் வீட்டுக் கவலைகளையும் சேர்த்துத்தான் கொண்டு வருகின்றார்கள். அப்படி நான் கண்ட ஒன்றில் இருந்து தொடங்குகின்றேன்.

ஒரு வரிக்காலத்தில் ஒரு அண்ணை என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியுடன், அவரை எவரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கின்றேன். கையில் ஒரு மரக்கறிக்கடைப் பை. அதற்குள் மூன்று வருடக் கடிதங்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"ஏன் அண்ணை திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"திறந்து பாத்தால் மட்டும் என்ன தம்பி மாறப்போகுது? எழுதினது எழுதினபடிதான் நடக்கும்" என்றார்.

இரண்டு பின்னேரங்கள் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். பாதிக்கு மேல் வெறும் விளம்பரங்கள். வரிக் கணக்கைப் பார்த்தால், இரண்டு வருடங்களுக்கு அவருக்குத்தான் பணம் திரும்பி வரவேண்டி இருந்தது. அடியில் கிடந்த ஒரு கடிதம், இருதயப் பரிசோதனைக்கு வரச்சொன்ன வைத்தியசாலை அழைப்பு. அந்தத் திகதி கடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய தகப்பனும் தமையனும் மாரடைப்பில் போனவர்கள்.

அன்று எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஏனென்றால், தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது நள்ளிரவில் ஒரு கடதாசியுடன் வந்து பெயர் வாசித்துத் தன்னை ஏற்றிக்கொண்டு போனதையும், அதன் பிறகு நடந்தவற்றையும் பற்றி அவர் முன்பொரு நாள் அரைகுறையாகச் சொல்லியிருந்தார். இந்த நாட்டில் கடித உறையில் அவருடைய பெயர் அச்சிட்டு வரும்போது கை நடுங்குவதற்குக் காரணம் விதியல்ல. அது அந்த இரவு. ஆனால் அவர் அதை விதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லுவது சுலபமாக இருந்தது. கேட்பவர்களும் தலையாட்டினார்கள்.

நேயர்களே, நாங்கள் எல்லோரும் இந்தச் சொற்களோடு வளர்ந்தவர்கள். தலைவிதி, தலையெழுத்து, கன்மவினை, ஏழரைச் சனி, போன பிறப்புப் பாவம். கிறிஸ்தவ வீடுகளில் தேவ சித்தம் என்பார்கள். முஸ்லிம் வீடுகளில் நசீபு என்பார்கள். இந்த நம்பிக்கைகளைப் பழிப்பதற்காக நான் இங்கு வரவில்லை. அவை எங்களைத் தாங்கிப் பிடித்த நாட்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அந்த இரவை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம். அந்தச் சனத்துக்குள் நானும் அம்மாவும், சைக்கிள் கரியரில் அப்பாவும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அப்பாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும். வீட்டை விட்டு வெளிக்கிட்ட அவசரத்தில் அவருடைய குளிசைப் பையை நான் அலுமாரிக்கு மேலே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஆறாவது கிழமை அப்பா இறந்துபோனார்.

அம்மா அழுதார். ஒப்பாரி சொல்லி அழுதார். பக்கத்து வகுப்பறைகளில் இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். முடிந்த அளவில் கிரியைகளைச் செய்தோம். பிறகு அம்மா சொன்னார்: "அவற்றை விதி அவ்வளவுதான். நீ சாப்பிடு தம்பி." அடுத்த கிழமையே மற்றப் பெண்களோடு சேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினார்.

அம்மாவின் விதி அவரை எழுப்பிவிட்டது. நடந்து முடிந்த ஒன்றை, தன்னால் மாற்ற முடியாத ஒன்றை, இறக்கி வைப்பதற்கு அவருக்கு அந்தச் சொல் உதவியது. யார் பிழை, எவர் பிழை என்று தன்னையும் பிறரையும் குடையாமல் இருக்க அது ஒரு வழி.

என்னுடைய விதி வேறு விதமானது. வாயால் விதி என்றேன். நெஞ்சுக்குள்ளே, "குளிசைப் பையை விட்டது நீதானே" என்று ஒரு குரல் நிற்காமல் கேட்டது. அதை எவருக்கும் சொல்லவில்லை. 1999 இல் சிட்னிக்கு வந்தேன். படித்தேன், வேலை எடுத்தேன், கலியாணம் முடித்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மழை பெய்யும் இரவுகளில் நித்திரை வராது. காட்டுத்தீக் காலத்தில் ஹெலிகொப்டர் பறந்தால் எழும்பிப் போய் யன்னலுக்கு எட்டத்தில் நிற்பேன். புதுவருட வாணவேடிக்கைக்கு ஒரு நாளும் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. இன்னுமொன்று. ஊரில் உள்ள எல்லாருக்கும் சுப்பரைப் பற்றியும் உயிலைப் பற்றியும் ஆலோசனை சொல்லுகிற நான், எனக்கென்று ஒரு உயில் எழுதவில்லை. அடுத்த வருட விடுமுறைக்குக்கூட முன்கூட்டி ஒன்றும் பதிவு செய்யமாட்டேன். "அடுத்த வருசம் ஆர் கண்டது?" என்பேன். அதை ஒரு ஞானம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மகள் கேட்டாள்: "அப்பா, ஏன் எங்கட வீட்டில மட்டும் வரப்போறதைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவிதான் சொன்னார்: "நீங்கள் விதியை நம்புறன் எண்டு சொல்லிக்கொண்டு பயத்தில சீவிக்கிறீங்கள்." அது சுட்டது. அதற்குப் பிறகுதான் குடும்ப வைத்தியரிடம் போனேன்.

இந்த இடத்தில் வைத்திய உலகம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். பெரும் ஆபத்துக்களைக் கண்டவர்களுக்கு வரும் இந்த நோயை, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தமிழில் சொல்கின்றார்கள். வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்களின் நிலைமையைக் கண்ட பிறகு, 1980 இல் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் சேர்க்கப்பட்டது. அதன் அடையாளங்களை நான்கு கூறுகளாகச் சொல்வார்கள். முதலாவது, நடந்தது மனதுக்குள் திரும்பத் திரும்ப வருதல், கெட்ட கனவு காணுதல். இரண்டாவது, அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் பேச்சையும் தவிர்த்தல். மூன்றாவது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணங்கள் கறுத்துப் போதல், காரணமில்லாமல் தன்னையே குற்றம் சாட்டுதல், ஒன்றிலும் விருப்பமில்லாமை. நான்காவது, எப்போதும் திடுக்கிட்டபடி, கோபத்தோடு, நித்திரையின்றி இருத்தல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் உதவி தேடவேண்டும்.

மூன்றாவது கூறைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "எனக்கு நீண்ட காலம் இல்லை, நல்லது ஒன்றும் நடக்காது, எதிர்காலம் என்று ஒன்று கிடையாது" என்ற எண்ணமும் இந்த நோயின் ஒரு அடையாளமாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அப்படியென்றால், நாங்கள் பக்தி என்றும் பக்குவம் என்றும் நினைக்கின்ற விதிப் பேச்சில் ஒரு பங்கு, நோய் எங்கள் வாயால் பேசுகின்ற பேச்சாக இருக்கலாம். என்னுடையது அப்படித்தான் இருந்தது.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த நோய், எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களும் இருக்கின்றார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களின் பெயரை நீங்கள் அறிவீர்கள். போர் தமிழர்களின் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி அவர் 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் இங்கே அடிலெயிட் பல்கலைக்கழகத்துடனும் தொடர்புபட்டிருந்தார். தனி ஆளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்துக் காயம் ஏற்படுகின்றது, அது கூட்டு மனவடு என்பது அவருடைய முக்கியமான கருத்து. எங்கள் கிரியைகளையும் வழிபாட்டையும் அவர் தள்ளி வைக்கவில்லை. அவையும் குணப்படுத்தும் வழிகளில் சேர்ந்தவை என்றே எழுதியிருக்கின்றார்.

அதைவிட எங்களுக்குக் கிட்டவான ஒரு ஆய்வும் உண்டு. சிட்னியைச் சேர்ந்த உளமருத்துவ ஆய்வாளர்கள் சக்கரி ஸ்டீல், டெரிக் சிலோவ் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த 196 தமிழர்களிடம் விபரம் எடுத்து 1999 இல் வெளியிட்டார்கள். புகலிடம் கோரியவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள், சாதாரணமாகக் குடியேறியவர்கள் என மூன்று வகையினரும் அதில் இருந்தார்கள். இந்த நோயின் அறிகுறிகள் ஒருவருக்குக் கூடவும் இன்னொருவருக்குக் குறையவும் இருப்பது ஏன் என்று கணக்குப் பார்த்தார்கள். அந்த வேறுபாட்டில் 20 வீதத்தை ஊரில் பட்ட துன்பங்கள் விளக்கின. இங்கே வந்த பிறகு பட்ட துன்பங்கள் 14 வீதத்தை விளக்கின. விசாவுக்குக் காத்திருத்தல், வேலையில்லாமை, குடும்பத்தைப் பிரிந்திருத்தல், தனிமை போன்றவைதான் இந்த இரண்டாவது வகை.

ஒரு கணக்காளனாக இந்த இரண்டு எண்களையும் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான். ஊரில் நடந்ததை மாற்ற எவராலும் முடியாது. ஆனால் இங்கே நடப்பது மனிதர்கள் எடுக்கின்ற முடிவுகளால் நடப்பது. தற்காலிகப் பாதுகாப்பு விசா 1999 இல் வந்தது, 2008 இல் நீக்கப்பட்டது, 2014 இல் திரும்ப வந்தது. 2023 பெப்ரவரியில் அந்த விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறக்கப்பட்டது. இதில் எதை எந்தக் கிரகம் எழுதியது? அரசாங்கங்கள் எழுதின, அரசாங்கங்கள் மாற்றின. குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில் இருந்து 2018 இல் கொண்டு போகப்பட்ட எங்கள் தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறிய ஊரின் அயலவர்கள் "அவர்களின் தலைவிதி" என்று விட்டிருந்தால் அவர்கள் 2022 இல் திரும்பி வந்திருக்கமாட்டார்கள்.

அதேநேரம், விசா முடிவில்லாமல் காத்திருந்த எங்கள் இளைஞர்களில் ஒருவரை 2014 இல் ஜீலோங்கிலும், இன்னொருவரை 2024 இல் மெல்பேர்ணிலும் நாங்கள் இழந்தோம். தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அந்தச் செய்திகள் வந்தபோது "அவங்கட விதி" என்று சிலர் சொல்லக் கேட்டேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அதே நிலையில் காத்திருக்கின்ற இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சரி, எங்கள் சமயம்தான் என்ன சொல்கின்றது? பள்ளிக்கூடத்தில் சைவநெறி படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கன்மம் மூன்று வகை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். முன்பு சேர்த்தது, இப்போது அனுபவிப்பது, இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது. கணக்கு மொழியில் சொன்னால், முன்னைய வருடங்களில் இருந்து கொண்டுவந்த மீதி ஒன்று இருக்கின்றது. அதில் ஒரு பகுதி இந்த வருடத்தில் செலவாகின்றது. ஆனால் இந்த வருடத்துக்கென்று ஒரு ஏடு திறந்துதான் இருக்கின்றது, அதில் எழுதுவது நாங்கள். எல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்றிருந்தால் மூன்றாவது வகைக்கு வேலையே இல்லை. திருவள்ளுவரும் 38 ஆவது அதிகாரத்தை ஊழுக்குக் கொடுத்தார். 62 ஆவது அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கு, அதாவது விடாமுயற்சிக்குக் கொடுத்தார். இரண்டையும் எழுதியவர் ஒருவரே. சிலப்பதிகாரம் ஊழ்வினையைப் பெரிதாகப் பேசுகின்ற காப்பியம். ஆனாலும் கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி வீட்டுக்குள் முடங்கவில்லை. மற்றச் சிலம்பை ஆதாரமாகக் கையில் எடுத்துக்கொண்டு அரசசபைக்குப் போனாள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய பாடு மற்ற எல்லோரையும் விடக் கடினமானது. இறந்துவிட்டார் என்று அந்தியேட்டி செய்யவும் முடியாது, இருக்கின்றார் என்று காத்திருக்கவும் முடியாது. சாத்திரியிடம் போனால் "உயிரோடை இருக்கிறான், சனி மாற வருவான்" என்கின்றார். அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் வீதியோரத்தில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் விதி என்று சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, பதில் கேட்டார்கள். காத்திருக்கின்ற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். காத்திருக்கும் காலத்தில் உங்களுடைய நித்திரைக்கும், சாப்பாட்டுக்கும், மருந்துக்கும் உதவி பெறுவது அவரைக் கைவிடுவது ஆகாது.

இனி என் கதையின் மிச்சம். உளவளத்துணையாளரிடம் நாலைந்து தடவை போன பிறகுதான் குளிசைப் பை என் வாயில் இருந்து வந்தது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பையில் எத்தனை நாளைக்கு மருந்து இருந்தது?"

நான் யோசித்தேன். போர்க்காலம், மருந்துத் தட்டுப்பாடு. ஒரு கிழமைக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். மிஞ்சினால் எட்டு நாளைக்கு இருந்திருக்கும். அப்பா இறந்தது ஆறாவது கிழமை. அதற்குள் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இரண்டு தடவை வேறு குளிசை வாங்கியும் கொடுத்திருந்தேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்தவன், என் தலையில் நானே எழுதி வைத்த கணக்கை ஒரு தடவையும் சரிபார்க்கவில்லை.

அன்றோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கடும் மழை இரவுகளில் இப்போதும் விழிப்பு வரும். ஆனால் எழும்பி நிற்காமல் திரும்பப் படுக்க முடிகின்றது. உயில் எழுதியாகிவிட்டது. போன வருடக் கடைசியில் முதன்முறையாக வாணவேடிக்கை பார்க்கப் போனோம். பாதியில் திரும்பி வந்தோம். பரவாயில்லை, பாதி பார்த்தோம். அம்மாவிடமும் தொலைபேசியில் குளிசைப் பையைப் பற்றிச் சொன்னேன். "அட, அந்தப் பையை எடுக்க மறந்தது நானெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன்" என்றார். நாங்கள் இருவரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கின்றோம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பேனையும் கடதாசியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். வழமையை விட நீண்ட நேரச் சந்திப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்று எழுதித் தந்தால், ஒரு வருடத்தில் 10 தடவை வரை உளவியலாளரைப் பார்க்க மெடிகேர் உதவி கிடைக்கும். சித்திரவதையையும் போரையும் கண்டவர்களுக்கென்றே நியூ சவுத் வேல்ஸில் 1988 இல் இருந்து ஸ்டார்ட்ஸ் நிலையம் இயங்குகின்றது. விக்டோரியாவில் 1987 இல் இருந்து பவுண்டேசன் ஹவுஸ் இயங்குகின்றது. இவற்றின் சேவை இலவசம். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் 131 450. "எங்கட சனத்துக்குத் தெரிஞ்சுபோகும்" என்று பயப்படுபவர்கள் பலர். மொழிபெயர்ப்பாளர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். அதோடு தொலைபேசியில், வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரைத் தரும்படியும் நீங்கள் கேட்கலாம். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் லைப்லைன் 13 11 14. உடனடி ஆபத்தென்றால் 000.

கோவிலுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரியுங்கள். ஆனால் "சனி மாறட்டும், பிறகு டொக்டரிட்டைப் போவம்" என்று சொல்லாதீர்கள். ஏழரை வருடம் என்பது ஐந்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு தாண்டுகின்ற காலம். அந்தப் பிள்ளை அதுவரை நித்திரையில்லாத, சினக்கின்ற, சிரிக்காத ஒரு தகப்பனோடு வளரும்.

வீட்டில் ஒருவர் விதி என்று சொன்னால் அவரோடு வாதாடவும் வேண்டாம். அது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சா, இனி வரப்போவதைப் பற்றிய பேச்சா என்று மட்டும் கவனியுங்கள். போனதைப் பற்றியென்றால், என் அம்மாவைப் போல அவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். வரப்போவதைப் பற்றியென்றால், கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். நித்திரை எப்படி என்று கேளுங்கள்.

அந்த அண்ணைக்கு இருதயப் பரிசோதனை நடந்துவிட்டது. அடைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து நேரத்தோடு சரிசெய்துவிட்டார்கள். இப்போதும் கடிதம் வந்தால் அவருக்குக் கை நடுங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு குசினி மேசையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அந்தக் கிழமைக் கடிதங்களை இருவருமாகத் திறக்கின்றார்கள். உங்கள் வீட்டிலும் திறக்காத கடிதங்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். தனியே முடியாவிட்டால் எவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு அன்பர் உங்களைச் சந்திப்பார். அதுவரை விடைபெறுகின்றேன்.